ஒரு செங்கல்கூட இல்லாத நிலம்

வயலில் கீரை பறிக்கும் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் செங்கல். முகத்துக்கு நேரே ‘சார்’, முதுகு திரும்பியதும் ‘செங்கல்’. அது அவருக்கும் தெரியும். கோபம் வந்ததில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். நகரத்தை ஒட்டிய விளைநிலங்களைக் கட்டடங்கள் விழுங்கிவிடாமல் காக்கிற அறக்கட்டளை ஒன்றில் அவர் கள ஆய்வாளர். எந்த வரப்பு ஓரத்தில் யார் ஒரு செங்கல்லை இறக்கினாலும் மோப்பம் பிடித்துவிடுவார் என்று பெயர் வாங்கியவர்.

அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. கொடையாளர்கள் தரும் பணத்தில் அறக்கட்டளை ஒரு நிலத்தின் கட்டட உரிமையை மட்டும் விலைக்கு வாங்கும். நிலம் பழைய உரிமையாளரிடமே இருக்கும், அவர் பயிர் செய்யலாம், விற்கலாம். யார் கைக்குப் போனாலும் அதில் வீடு மட்டும் எழும்பாது. கட்டும் உரிமை அன்றோடு செத்துவிடும். ஆனால் செத்ததை எழுப்பி உட்காரவைக்கப் பார்க்கும் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் காவலாளி குடிசை என்று சொல்லிப் பளிங்குத் தரை போட்டார். இன்னொருவர் மாட்டுக்கொட்டகைக்கு ஏசி பொருத்தினார்.

“மாடு வேர்த்துப்போகுது சார்” என்றார் கூசாமல்.

“மாடு எங்க?”

“இனிமேதான் வாங்கணும்.”

இரண்டையும் நம் ஆய்வாளர் இடிக்க வைத்தார். மிரட்டல் வந்தது. வண்டியின் டயரைக் கிழித்தார்கள். டயர் மாற்றும் வரை நடந்தே போய் நடந்தே வந்தார். நேர்மையான மனிதர், வாங்கத் தெரியாத கை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அயோக்கியர்கள் செய்யும் கொடுமைக்கு விளக்கம் யாருக்கும் தேவைப்படுவதில்லை. யோக்கியர்கள் செய்வதுதான் விளங்கிக்கொள்ள வேண்டியது.

அறக்கட்டளையின் செல்லப்பிள்ளை ஒரு பெரிய காய்கறி வயல். நான்கு பக்கமும் அடுக்குமாடி வீடுகள் எழும்பி நிற்க, நடுவில் பச்சைப் பாய் விரித்தாற்போல் கிடக்கும். கொடையாளர்களை அங்கேதான் கூட்டிவருவார்கள். ஆய்வாளர் அவர்கள் முன்னால் நின்று, “இத்தனை வருஷத்துல இந்த மண்ணு மேல ஒரு செங்கல்கூட விழல” என்பார். கை தட்டுவார்கள். யாராவது ஒருவர் கண் கலங்கி, “புனிதமான இடம்” என்பார். புனிதம் என்ற சொல் எங்கே நுழைகிறதோ, அங்கே யாரோ ஒருவர் வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார் என்று அர்த்தம். யார் என்று அன்றைக்கு அங்கே எவரும் கேட்கவில்லை.

ஒரு நாள் வயலின் மூலையில், மோட்டார் அறைக்குப் பின்னால், அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். நாலு கம்பு, சுற்றிலும் சாக்கு, மேலே ஒரு தகரம், உள்ளே ஒரு குழி, குழியின் இருபுறமும் கால் வைக்கச் செங்கல். பறிப்புப் பெண்களின் தலைவியைக் கூப்பிட்டார். எப்போதும் தலையில் துண்டு கட்டியிருப்பதால் அவளுக்கு முண்டாசம்மா என்று பெயர்.

“என்னம்மா இது?”

“பாத்தா தெரியலையா சார்? உங்க வீட்டுல இருக்கிறதுதான்.”

“வீட்டுல இருக்கலாம். இங்க கட்டடம் கூடாது.”

“இது கட்டடமா? ஒரு காத்து அடிச்சா பக்கத்து மாடிக்குக் குடிபோயிடும்.”

“கீழ செங்கல் இருக்கே.”

“கால் வைக்க வேணாமா? நாங்க என்ன கொக்கா, பறந்துக்கிட்டே போறதுக்கு?”

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “இன்னைக்கு உங்களுக்கு ஒரு செங்கல்னு விட்டா, நாளைக்குக் காசுக்காரன் ஒரு லாரி இறக்குவான்” என்றார்.

முண்டாசம்மா குரலைத் தாழ்த்தினாள். “சுத்திப் பாருங்க சார். எந்தப் பக்கம் திரும்பினாலும் பால்கனி. போதாததுக்கு நீங்க போட்ட மரமேடை வேற, பறவை பாக்கன்னு. பறவையைப் பாக்குற தூரக்கண்ணாடியில நாங்க தெரிய மாட்டோம்னு என்ன நிச்சயம்?”

“நிலத்துக்காரர்கிட்ட கேளுங்க. வெளியில எங்கயாவது ஏற்பாடு பண்ணித் தருவார்.”

நிலத்துக்காரரிடம் கேட்டால், “அறக்கட்டளை விட மாட்டேங்குதே, நான் என்ன பண்ண?” என்பார். இரண்டு பக்கமும் தட்டிவிடும் பந்துக்குக் கால் வலிக்காது. நடுவில் நிற்கிறவளுக்குத்தான் வலிக்கும். அன்றே தகரம் இறங்கியது. செங்கற்களை ஆய்வாளர் தன் கையாலேயே எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டு போனார்.

அவருக்கு ஒரு அக்கா உண்டு. சின்ன வயதிலேயே தாயை இழந்த வீட்டில் அவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தான் தையல் எந்திரம் மிதித்துத் தம்பியைப் படிக்க வைத்தவள். கணவன் போன பிறகும் யார் கையையும் எதிர்பார்க்காமல் துணி ஆலையில் வேலை பார்த்தாள். வயலில் அந்தத் தகரம் இறங்கிய பிறகு ஒரு நாள் ஆலை மூடியபோது, “சும்மா உக்காந்து சாப்பிட எனக்கு வராதுடா” என்றாள். அவர்தான் நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி, அதே காய்கறி வயலில் பறிப்பு வேலைக்குச் சேர்த்துவிட்டார். நல்ல காற்று, திறந்தவெளி என்று நினைத்தார். திறந்தவெளிதான்.

வேலைக்குப் போகும் வழியில் அக்கா தம்பி வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டுப் போவது வழக்கம். கொஞ்ச நாளில் அது நின்றது.

“அண்ணி இப்பல்லாம் டீயே வேணாங்கறாங்க. என் டீ அவ்வளவு மோசமா?” என்று அவர் மனைவி கேட்டாள்.

“இவ்வளவு நாள் பொறுத்ததே பெருசு” என்றார் அவர்.

இருவரும் சிரித்தார்கள். அதற்கு மேல் யோசிக்கவில்லை. மண்ணில் புதைந்த ஒற்றைச் செங்கல்லைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற கண், கண்ணெதிரே காலியாக இருந்த டம்ளரைப் பார்க்கவில்லை.

ஒரு நாள் வயலிலேயே அக்காவுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்து உடம்பு தூக்கிப் போட்டது. முண்டாசம்மாதான் காய்கறி வேனில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். தகவல் கேட்டு அவர் ஓடிவந்தார். வார்டு வாசலில் முண்டாசம்மா நின்றிருந்தாள்.

“சார், நீங்க எங்க இங்க?”

“உள்ள இருக்கிறது எங்க அக்கா.”

அவள் அவரையும் உள்ளே கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். அக்கா தன் தம்பி யாரென்று அங்கே ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

இளம் டாக்டர் ஒருத்தி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். “அம்மா, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?”

“ராத்திரி குடிப்பேன்.”

“பகல்ல?”

“பகல்ல வேலைக்குப் போயிடுவேன்.”

“வேலை செய்ற இடத்துல தண்ணி இல்லையா?”

“தண்ணிக்கு என்ன, மோட்டார்ல கொட்டுது.”

டாக்டருக்குப் புரிந்துவிட்டது. “கழிப்பறை இல்லையா?”

அக்கா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். முண்டாசம்மாதான் பதில் சொன்னாள். “இருந்துச்சு டாக்டர்.”

அவ்வளவுதான் சொன்னாள். ஆய்வாளரின் பக்கம்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“அடக்கி அடக்கிக் கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறிடுச்சு” என்றாள் டாக்டர். “அந்த வயல்ல இருந்து வர்ற முதல் ஆள் இவங்க இல்ல. வேலை பாக்குற இடத்துல யாராவது பொறுப்பானவங்க இருந்தா, கொஞ்சம் கூட்டிட்டு வாங்க, நான் பேசணும்.”

பொறுப்பானவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

எல்லோரும் போன பிறகு, “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா” என்றார்.

“என்னன்னு சொல்ல? நீ இடிச்சதை நீயே திரும்பக் கட்டுன்னா?” அக்காவின் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான். “அங்க எல்லாரும் உன்னைச் செங்கல் செங்கல்னு கேலி பண்ணுவாங்க. நானும் கூடச் சேந்து சிரிப்பேன்டா. சிரிக்கலன்னா கண்டுபிடிச்சிருவாங்களே.”

அன்று அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. அக்கா தன்னை மறைத்தது சுட்டது. அதைவிட அதிகமாய்ச் சுட்டது வேறொன்று. முண்டாசம்மா இதே உண்மையை அன்றைக்கே நேருக்கு நேர் சொல்லியிருந்தாள். காதில் விழுந்தது, உறைக்கவில்லை. மற்ற பெண்களின் உடம்பு அவருக்கு ஒரு விதியாக இருந்தது. சொந்த அக்காவின் உடம்புதான் உடம்பாகத் தெரிந்தது. உறவு முளைத்த பிறகு வருகிற நியாயம் பாதி நியாயம்தான். அது அவருக்கே தெரிந்தது. தெரிந்ததால்தான் கண்ணாடியில் முகம் பார்க்க முடியவில்லை.

அறங்காவலர் கூட்டத்தில் எழுந்து நின்று, வயலில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்ட அனுமதி கேட்டார். தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி, அதிர்ந்து பேசாதவர்.

“உங்க வருத்தம் புரியுது. ஆனா நீங்களேதான் சொல்லுவீங்க, ஒரு செங்கல்னு விட்டா ஒரு லாரி வரும்னு” என்றார் தலைவர்.

“சொன்னேன் ஐயா. தப்பா சொன்னேன்.”

பறவைகளை ஆராயும் பேராசிரியை, “கழிவு, நாத்தம்னு ஆரம்பிச்சா நீர்ப்பறவை எதுவும் வராது” என்று கவலைப்பட்டாள்.

“மோட்டாருக்கு அறை இருக்கே அம்மா. செங்கல் இல்ல, காங்கிரீட்லயே இருக்கு.”

“அது விவசாயத்துக்கு அவசியம். பத்திரமே அதுக்கு இடம் கொடுக்குது” என்றார் தலைவர்.

“பறிக்கிற ஆள் அவசியம் இல்லையா?”

தலைவர் டீயில் சர்க்கரையைக் கலக்கினார். பிறகு வழக்கறிஞரிடம் கருத்துக் கேட்பது, அடுத்த கூட்டத்தில் முடிவெடுப்பது என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. மழை பொய்த்த மண்ணுக்காகவும் வழி தவறிய கொக்குக்காகவும் உண்மையாகவே கலங்குகிறவர்கள். ஒதுங்க இடம் கேட்ட பெண்ணிடம், அடுத்த கூட்டம் வரை அடக்கிக்கொள் என்று தீர்மானம் போட்டோம் என்பது மட்டும் அவர்களுக்கு உறைக்கவில்லை.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போய், “எங்க கட்டணும் அக்கா?” என்று கேட்டார்.

“இடிச்ச இடத்துலயே கட்டு. இடம் பாக்கத் தெரியாமலா அவங்க அங்க வச்சாங்க?”

கொத்தனாரைக் கூட்டிப்போய், சிமெண்டும் செங்கல்லும் தன் பெயரிலேயே வாங்கி இறக்கினார். பறவைகளுக்குச் சேதம் வராதபடி மூடிய தொட்டி வைத்தார். நிலத்துக்காரர் வேடிக்கை பார்க்க வந்தார்.

“நீங்களே கட்டுறீங்களா சார்! அப்ப நானும் ஓரமா ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ்...”

“கட்டுங்க. கூரை போட்டதும் சொல்லுங்க, இடிக்க வர்றேன்.”

வேலை முடிந்ததும் தலைவருக்குப் போன் போட்டார். “கட்டிட்டேன் ஐயா. விதியை மீறினது நான்தான். எடுக்கணும்னா நீங்க இங்க வந்து, இந்தப் பொம்பளைங்க முகத்தைப் பாத்துச் சொல்லுங்க.”

“நீங்க இப்படிப் பண்ணுவீங்கன்னு நான் நினைக்கல” என்றார் தலைவர். வேலை இருக்குமா போகுமா என்று அதில் ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் காலை பறிப்புப் பெண்கள் வந்தார்கள். கூடைகளை இறக்கி வைத்துவிட்டுத் தள்ளியே நின்றார்கள். முண்டாசம்மா மட்டும் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். கதவை இழுத்தாள், தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்தாள், அண்ணாந்து கூரையில் இடுக்கு இருக்கிறதா என்று பார்த்தாள்.

“நாளைக்கு இதை இடிக்க ஆள் அனுப்பினா?”

“அறக்கட்டளையில இடிக்கிற ஆள் நான் ஒருத்தன்தாம்மா.”

“அதான் சார் பயமா இருக்கு.”

யாரும் சிரிக்கவில்லை. இராத்திரி முழுக்க அவர் மனசுக்குள் ஒரு மன்னிப்பைக் கோத்து வைத்திருந்தார். “அன்னைக்கு நான் செஞ்சது...” என்று ஆரம்பித்தார்.

“அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்” என்றாள் முண்டாசம்மா. “நீங்க இங்கயே நின்னா யாரு சார் உள்ள போவா? கெளம்புங்க.”

அவர் வரப்பில் இறங்கி நடந்தார். பின்னால் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.