சரிவராத இடது செட்டை

எனக்கு எட்டு வயதிருக்கும்போது என் தாய்மாமா முல்லைத்தீவுக் கடற்கரையில், வலை வைக்கிற வாடிக்குள் ஒரு விமானம் கட்டினார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் வெள்ளைக்காரரின் விமானங்களைத் திருத்துகிற இடத்தில் எடுபிடியாக நின்றவர் அவர். பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின், மெல்லிய பலகை, பாய்ச்சீலை என்று சேர்த்துச் சேர்த்து உடம்பையும் இரண்டு செட்டைகளையும் முடித்துவிட்டார்.

மிச்சம் இருந்தது, செட்டைகளின் பின் ஓரத்தில் பிணைச்சல் போட்டு மாட்டிய இரண்டு சின்னப் பலகைகள். விமானத்தைச் சரித்துத் திருப்புவது அவைதான். இருக்கைக்கு முன்னாலிருந்த தடியை இடப்பக்கம் சாய்த்தால் இடது பலகை எழும்பும், வலது பலகை இறங்கும். தடி நடுவில் நின்றால் இரண்டும் செட்டையோடு ஒரே மட்டமாக நிற்க வேண்டும். மாமாவின் இடது பலகை மட்டும் நிற்க மறுத்தது. காலையில் தூண்டில் நூல் இழுத்துப் பிடித்து மட்டம் பார்த்து, தடியிலிருந்து பலகைக்குப் போகிற கம்பியை இறுக்கிச் சரிபார்ப்பார். மத்தியானத் தூக்கம் முடிந்து வந்து பார்த்தால் அது ஒரு விரல் அளவு தொங்கிக்கொண்டிருக்கும். முதலில் உப்புக் காற்றைத் திட்டினார். பிறகு வாடிக்குள் வந்து உரசுகிற ஆட்டை. பிறகு என்னை.

கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி போகிற வழியில் எட்டிப் பார்ப்பார். "உதிலை ஏறிப் போய், சூடை மீன் கூட்டம் எங்கை நிக்குதெண்டு பாத்துச் சொல்லுமன்!"

மாமியின் குரல் அதைவிடப் பெரிது. "உது பறந்தா நான் மொட்டை அடிக்கிறன்!"

மாமா கம்பியை இன்னும் ஒரு சுற்று இறுக்குவார். காது மட்டும் சிவக்கும்.

ஒரு மத்தியானம் வாடிக்குள் போனேன். மாமி ஸ்பானரோடு நின்று இடது கம்பியின் திருகைத் திருப்பிக்கொண்டிருந்தா. திருப்பி முடிந்ததும் சிலுவை அடையாளம் போட்டா.

"என்ன மாமி செய்யிறியள்?"

"கம்பிக்கு எண்ணெய் விடுறன், பிள்ளை. மாமாட்டைச் சொல்லிப்போடாதை."

கையில் எண்ணெய் இல்லை. ஆனாலும் மாமி உதவி செய்கிறா என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அதற்குப் பிறகு நாள்தோறும் ஒளிந்திருந்து பார்த்தேன்.

பறப்பதற்கென்று குறித்த ஞாயிற்றுக்கிழமை பூசையும் மாமாவின் மத்தியானத் தூக்கமும் முடிந்தபின் ஊரே கடற்கரைக்கு வந்துவிட்டது. பங்குச் சுவாமியார் தீர்த்தம் தெளித்தார். மாமா தடியைப் பிடித்துப் பார்த்தார். இடது பலகை தொங்கியது. "காலமை இறுக்கினது திரும்பவும் தளந்துபோச்சு. இண்டைக்குச் சரிவராது" என்றார். கடற்கரை முழுக்கச் சிரிப்பு. மாமியும் சிரித்தா, எல்லோரையும்விடச் சத்தமாக.

பொழுதுபடுகிற நேரம் மாமா வள்ளத்தடியில் தனியே குந்தியிருந்தார். அவரைத் தேற்ற வேண்டும் என்று நினைத்தேன்.

"மாமா, மாமியும் உங்களுக்கு உதவி செய்யிறாதானே! நீங்கள் படுத்தாப் பிறகு வந்து, அந்தத் திருகைத் திருப்பி, சிலுவை போட்டிட்டுப் போறா."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம்."

வீட்டில் பெரிய சண்டை வரப்போகிறது என்று பயந்தேன். மாமா சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அடுத்த நாள் காலையில் வழக்கம்போலக் கம்பியை இறுக்கினார். ஸ்பானரை மாமியின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, மத்தியானம் வழமையைவிட நேரத்தோடு படுக்கப் போனார்.

தன் வேலையைக் குழப்புகிற ஒருவரை மாமா ஏன் அப்படிக் கொண்டாடினார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஊரெல்லாம் சிரித்த அந்த விமானம் உண்மையாகவே பறந்துவிடும் என்று ஒரே ஒருவர்தான் நம்பியிருக்கிறார். நம்பியதால்தான் பயந்திருக்கிறார். இது விளங்குவதற்கு நான் வளர்ந்தது போதவில்லை. கலியாணமும் கட்ட வேண்டியிருந்தது.