வாழி பாடும்வரை

சாரல் காலம். மேலகரம் கோயில் கொடைத் திருவிழாவில் வயதான வில்லுப்பாட்டுக்காரர் ஒருவர் மதியம் பாடினார். மறுநாள் காலை தென்காசிக் காப்பிக் கடையில் அதே பேச்சுதான்.

"இந்த வயசுல என்ன கொரலு வே!" என்றார் ஒருவர்.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "கடைசியில ஊர வாழ்த்தி வாழி பாடுனாரே, நான் அழுதுட்டேன்" என்றேன்.

பொய். பாதிக் கதையில் மழை வலுத்ததுமே ஓடிப்போனவன் நான்.

மூலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். முந்தைய நாள் அந்தப் பாடகருக்குக் குடம் அடித்தவர்.

"வாழி பாடயில எதுத்தாப்ல ஒரு ஆளு இல்லியே, அண்ணாச்சி" என்றார். குரலில் கோபமே இல்லை. "நிறுத்திரலாம்னு நாந்தான் சொன்னேன். பெரியவரு கேக்கல. 'ஓடிப்போனவுகளும் நம்ம பாட்டக் கேக்க வந்தவுகதாம்லே, அவுகளுக்கும் சேத்துத்தான் வாழி'ன்னு முழுசாப் பாடிட்டுத்தான் எந்திரிச்சாரு."



அடுத்த வாரம் அந்தப் பாடகர் வீரகேரளம்புதூரில் பாடினார். தேடிப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். அன்றும் மழை கொட்டியது. பக்கத்திலிருந்தவர், "எந்திரியும் வே" என்று கையைப் பிடித்து இழுத்தார். நான் அசையவில்லை.

வாழி பாடும்போது நிஜமாகவே அழுதேன். அதை மட்டும் எந்தக் கடையிலும் போய்ச் சொல்லவில்லை.