எச்சில் காய்ச்சல்

பிறர் வாய் பட்ட எதையும் என்னால் தொட முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படி. பந்தியில் பக்கத்து இலைக்காரர் விரலைச் சூப்பினால் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவேன். அப்படிப்பட்டவள் ஆந்திராவில் சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே அறையில் இன்னும் மூன்று பெண்களோடு தங்க வேண்டியதாயிற்று.

அவர்களில் விஜயபுரம் பக்கத்துப் பெண் ஒருத்தி. என்னைவிட இரண்டு வயது சின்னவள், வாய் ஓயாதவள். தொண்டை வலி என்று ஒரு வாரமாகக் கரகரத்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துவிட்டு வந்தவள், என் தண்ணீர் பாட்டிலை எடுத்து வாய் வைத்துக் குடித்தாள். அதற்குமுன் எத்தனை நாள் இப்படிக் குடித்தாளோ, அதன்மேல் நான் எத்தனை நாள் குடித்தேனோ!

"இன்னாடி இது, தூக்கிக் குடிக்கத் தெரியாதா உனுக்கு?"

"ஒரு வாய் தண்ணிதானேக்கா. அதுக்கு இன்னாத்துக்கு மூஞ்ச இப்பிடி வெச்சிக்கினு கீற?"

அவள் பார்க்கும்படியே பாட்டிலைக் குப்பையில் போட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து எனக்குக் காய்ச்சல் கண்டது. எச்சில் விழுங்கினால் முள்ளாகக் குத்தியது. கண்ணாடிமுன் வாயைத் திறந்து பார்த்தேன். தொண்டையின் இருபுறமும் தயிர் ஏடு படிந்தாற்போல் வெள்ளை. என் மூச்சின் நாற்றம் எனக்கே குமட்டியது. கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டிகள். பஜாரில் ஒரு டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். அதைத் தின்ற ஐந்தாம் நாள் உடம்பெல்லாம் செந்தடிப்பு. சேதி கேட்டதும் ஊரில் கடலைக் கொல்லையில் இருந்த நைனா, என் அப்பா, கைகாலைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடிவந்து, என்னைப் பஸ் ஏற்றித் திருப்பதிக்குக் கூட்டிப் போனார்.

அங்கிருந்த பெண் டாக்டர் தெலுங்குக்காரர். எங்களுக்காகத் தமிழில் பேசினார். ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் என்னையே பார்க்கச் சொன்னார். ஊதா நிறத்தில் ஊதிப்போன அணுக்கள், கல்லில் ஊற்றிய மாவுபோலப் பக்கத்து அணுக்களின்மேல் வழிந்து கிடந்தன.

"இதெல்லாம் சண்டை போடற செல்லுங்க. அதான் இப்படி வீங்கியிருக்கு" என்றார். "இந்தக் கிருமி சின்னம்மைக் கிருமிக்குப் பங்காளி. எச்சில்ல வரும். தொண்டையில எறங்கி, ரத்தத்துல நோயை எதுக்கறதுக்குன்னே ஒரு வெள்ளை அணு இருக்கே, அதுக்குள்ளேயே பூந்துக்கும். உனக்கு எழுதிக் கொடுத்த அந்த ஆன்டிபயாடிக்க இந்தக் காய்ச்சல்ல சாப்பிட்டா இப்படித்தான் தடிப்பு வரும்."

"எப்போ போவும்மா?" என்று நைனா கேட்டார்.

"காய்ச்சல் போயிடும். கட்டியும் கரைஞ்சிடும். கிருமி போகாது. அந்த அணுவுக்குள்ள சத்தமில்லாம உட்கார்ந்துக்கும். அணு ரெண்டாப் பிரிஞ்சா அதுவும் கூடவே ரெண்டாகும்."

"சாவற வரைக்குமா?" என்றேன்.

"ஆமா. எனக்கும் இருக்கும், உங்க நைனாவுக்கும் இருக்கும். அநேகமா எல்லாருக்குமே இருக்கும்மா. கொழந்தையிலயே வந்துட்டா தெரியாது. வயசுல வந்தாதான் இப்படிப் படுத்தும். யார்கிட்டேருந்து வந்துச்சுன்னு யாராலும் சொல்ல முடியாது."

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு ஆறவில்லை. யாரோ ஒருத்தருடைய எச்சில் என் ரத்தத்தில் குடித்தனம் செய்கிறது என்ற நினைப்பிலேயே நாக்கை ரத்தம் வரும்வரை வழித்தேன்.

ஒரு மாதம் வீட்டில் கிடந்துவிட்டு, சான்றிதழோடு வேலைக்குத் திரும்பினேன். சூப்பர்வைசர் அதிலிருந்த நோயின் பெயரைப் போனில் தட்டிப் பார்த்தார். முத்த நோய் என்றும் அதற்கொரு பெயர் உண்டு என்று அதில் போட்டிருந்தது. "எவரம்மா வாடு?" என்றார். யாரம்மா அவன் என்று அர்த்தம். பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். முதுகில் அட்டை ஊர்வதுபோலிருந்தது.

மறுநாள் தண்ணீர் கேனருகே இரண்டு தம்ளர்கள் இருந்தன. ஒன்றில் சிவப்பு நகப்பாலிஷால் ஒரு பொட்டு. "நீதி அதி" என்று சூப்பர்வைசர் பொட்டு வைத்ததைக் கைகாட்டினார். அது உன்னுடையது என்று அர்த்தம். அதில்தான் குடித்தேன்.

சாயந்திரம் போனில் நைனாவிடம் சொன்னேன்.

"நெலத்துக்காரங்க ஊட்ல எங்களுக்குத் தம்ளரே கெடையாது. குனிஞ்சி ரெண்டு கையையும் ஏந்தணும், மேலேர்ந்து ஊத்துவாங்க. தெறிச்சிடப் போவுதுன்னு தள்ளி நின்னுக்கினு ஊத்துவாங்க" என்றார். பிறகு, "நீ அதுல குடிச்சியா?" என்று கேட்டார்.

"குடிச்சிட்டேன் நைனா."

"நாளைக்குக் குடிக்காத."

அடுத்த நாள் அந்தத் தம்ளரைக் கொண்டுபோய், எல்லாரும் பார்க்க சூப்பர்வைசரின் மேசைமேல் வைத்தேன். "சார், இது உங்க ரத்தத்துலயும் இருக்கும்னு டாக்டர் சொன்னாங்க. டெஸ்ட் எடுத்துப் பாருங்க. இல்லேன்னு வந்தா நான் இதுலயே குடிக்கறேன்" என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன். அவர் பேனா நுனியால் தம்ளரைத் தள்ளிவிட்டு, அது இருந்த இடத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார். அந்த மனிதரைப் பார்த்து வந்த குமட்டல் என் தொண்டைச் சீழைப் பார்த்தபோதுகூட வரவில்லை.

அந்த வாரமே தம்ளர்கள் இரண்டும் போய்க் காகிதக் கப்புகள் வந்தன. மன்னிப்பு எதுவும் வரவில்லை.

விஜயபுரத்துப் பெண் அதற்குள் வேறு அறைக்கு மாறியிருந்தாள். ஒருநாள் கேன்டீனில் தட்டோடு என்னெதிரே வந்து நின்றாள்.

"அக்கா, என்னாலதான் உனுக்கு வந்துச்சின்னு எல்லாரும் சொல்றாங்க. நெசமாக்கா?"

யாராலும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னது என் வாய் வரைக்கும் வந்தது. அவள் உதட்டோரம் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா" என்றேன்.

அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. சென்னைப் பக்கம் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டாள் என்று சொன்னார்கள். நம்பர் என்னிடம் இருந்தது. நான் கூப்பிடவில்லை.