தொழுகைக்கு வாகான இடம்

ஹாஜி ஜெமூயி மின்சாரக் கம்பெனியில் மீட்டர் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர். பாலைவன ஓரத்துப் பிஸ்க்ரா ஊரில் அவர் கால் படாத வீடு இல்லை. மீட்டர் பார்க்கப் போன இடத்தில் மீட்டரை மட்டும் பார்த்துவிட்டு அவர் வந்ததாகச் சரித்திரமே கிடையாது. குழாய் சொட்டினால் சொல்வார். பேரீச்சம்பழத்தை வெயிலில் காயப்போட்ட விதம் சரியில்லை என்பார். பையனுக்குப் பெண் பார்த்த இடம் சரியில்லை என்றுகூட ஒரு வீட்டில் சொல்லியிருக்கிறார். ஓய்வு பெற்றபின் வீடுகள் தப்பித்துக்கொண்டன, பள்ளிவாசல் மாட்டிக்கொண்டது. தொழுகைக்கு ஆட்கள் வரிசையாக நிற்கும்போது இவர் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்துபோய், கோட்டைத் தாண்டி நிற்கும் குதிகாலையெல்லாம் தன் காலால் நகர்த்தி உள்ளே தள்ளுவார். டாக்டரின் குதிகாலும் சரி, தக்காளி விற்பவன் குதிகாலும் சரி, அவருக்கு ஒன்றுதான். யாரும் முறைத்துக்கொள்வதில்லை. அவர் சொல்வது எப்போதும் சரியாகவே இருந்து தொலைத்ததுதான் காரணம்.

அந்த மார்ச் மாதம் ஓய்வு பெற்றோர் சங்கத்தில் பஸ் பிடித்து, இடிந்து கிடக்கும் பழைய ரோமாக்கார நகரமான திம்காதுக்கு ஒருநாள் போய்வருவதாக ஏற்பாடு. சங்கச் செயலாளர் நூரி, பழைய லாரி டிரைவர், வாய்க்குப் பூட்டு இல்லாத மனிதர், வீடு வீடாக வந்து பேர் எழுதிக்கொண்டார். ரோமாக்காரன் போட்டுவிட்டுப் போன கல்லை வேலைமெனக்கெட்டுப் போய்ப் பார்க்க வேண்டுமா என்பது ஹாஜியின் கட்சி. அவர் மனைவி ஹத்தா அதற்கு வாதம் செய்யவில்லை. முதல்நாளே மாவு பிசைந்து, தக்காளியும் வெங்காயமும் வதக்கி வைத்து மஹாஜெப் ரொட்டி சுட ஆரம்பித்துவிட்டாள். ரொட்டி அடுக்கின் உயரத்தைப் பார்த்ததும் போயாக வேண்டும் என்று ஹாஜிக்குப் புரிந்துவிட்டது. மக்காவில் வாங்கிய பச்சைத் தொழுகை விரிப்பை, அந்த முசல்லாவைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, பஸ்ஸில் முதல் சீட்டில் உட்கார்ந்தார்.

திம்காது வாசலில் கைடு காத்திருந்தான். தய்யிப் என்று பேர். பக்கத்துக் கிராமத்து ஆள், நாற்பது வயது இருக்கும், முழங்கை தேய்ந்த பழுப்பு கோட். உள்ளூர்க்காரர்கள் பலரையும்போலக் கீழ் உதட்டுக்குள் புகையிலைத் தூளை அடக்கி வைத்திருந்தான். அவனைப் பிடிக்காமல் போக ஹாஜிக்கு அது ஒன்றே போதும். தய்யிப் நன்றாகத்தான் பேசினான். வண்டிச் சக்கரம் கல்லில் போட்ட தடத்தைக் காட்டினான். நூலகம் இருந்த இடத்தைக் காட்டினான். ஹத்தா ஒவ்வொரு கல்லையும் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஹாஜி கல்லைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுப்பகல் லுஹர் தொழுகை நேரம் வந்ததும் அவர் நின்றுவிட்டார். வாசல் பக்கத்தில் தொழுகை அறை இருக்கிறது, நாடக மேடையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அரை மணியில் அங்கே போய்விடலாம் என்று தய்யிப் சொன்னான். அல்லாஹ்வை அரை மணி காக்க வைக்கச் சொல்கிறானே என்று ஹாஜி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். கூட்டம் என்ன சொல்லும்? அவர் பின்னால் நடந்தது.

இடத்தையும் அவரே கண்டுபிடித்தார். பெரிய சதுக்கத்தை ஒட்டி, இடுப்புயரச் சுவர் சூழ்ந்த ஒரு முற்றம். தரை முழுக்கச் சமமான கல். சுவர் ஓரமாக உட்காரக் கல் ஆசனங்கள், பாதி உடைந்தவை, ஒன்றின் பக்கத்தில் மீன் மாதிரி ஏதோ செதுக்கியிருந்தது. ஆசனங்களுக்கு முன்னால், காலடியில், தண்ணீர் ஓடச் சின்னக் கால்வாய். ஹாஜிக்கு மனசு நிறைந்துபோயிற்று. ஓர் ஆசனத்தில் உட்கார்ந்து, பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கை, முகம், கால் கழுவினார். தண்ணீர் ஒரு சொட்டுச் சிதறாமல் கால்வாயில் இறங்கி ஓடியது. ரோமாக்காரன் காபிரானாலும் தொழுகைக்கு முன் ஒளு செய்வதற்கு எவ்வளவு வாகாகக் கட்டி வைத்திருக்கிறான் பாருங்கள் என்று மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து அவரைப்போலவே கழுவிக்கொண்டார்கள்.

தய்யிப் அவர் அருகில் வந்து குனிந்தான். பெண்கள் காதில் விழாதபடி மெதுவாகத்தான் சொன்னான்.

"ஹாஜி, இந்த இடம் வேணாம். நாலு எட்டு வெச்சா வேற நல்ல இடம் இருக்கு, நான் காட்டறேன்."

ஹாஜி மெதுவாகப் பேசவில்லை.

"கல்லைப் பத்தி சொல்லு தம்பி, கேட்டுக்கறேன். எங்க தொழுவணும்னு, உதட்டுக்குள்ள புகையிலைய அதக்கி வெச்சிருக்கிறவன்கிட்ட நான் பாடம் கேக்கணுமா?"

நூரி முதலில் சிரித்தார். பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். தய்யிப்பின் காது மடல் சிவந்தது. வாயைத் திறந்தவன், சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தான், மூடிக்கொண்டான். சுவருக்கு வெளியே போய் நின்றுகொண்டான். இவன் நம்மோடு சேரக்கூட மாட்டான் போலிருக்கிறது என்று ஹாஜி சொன்னது அவனுக்கும் கேட்டிருக்கும்.

ஹாஜி முசல்லாவை விரித்து முன்னால் நின்றார். வரிசையின் குதிகால்களை ஒருமுறை சரிசெய்துவிட்டு அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னார். மேலே திறந்த வானம், மலையிலிருந்து குளிர்ந்த காற்று. நெற்றியைத் தரையில் வைத்தபோது, தன் ஆயுளில் முன்நின்று நடத்திய தொழுகைகளில் இதுதான் சிறந்தது என்று அவருக்குத் தோன்றியது. கண்கூடக் கலங்கிவிட்டது.

முடித்து எழுந்ததும், இது என்ன இடம் என்று நூரி தய்யிப்பைக் கேட்டார். அவன் ஹாஜியை ஒரு பார்வை பார்த்தான்.

"ஊர்ப் பெரிய மனுஷங்க எல்லாம் உக்காந்து பேசிக்கிட்டு இருந்த இடம்," என்றான்.

ஹாஜி தலையை ஆட்டினார். அவருக்குத் தெரியாதா? இங்கேயே உட்கார்ந்து சாப்பிடலாம் என்று பெண்கள் ரொட்டி மூட்டையை அவிழ்க்கப் போனார்கள். அதற்கு மட்டும் தய்யிப் இடம் கொடுக்கவில்லை. சாப்பாடு மரத்தடியில்தான், விதி அப்படி என்று பிடிவாதமாக எல்லோரையும் கிளப்பிக்கொண்டு போனான்.

மரத்தடியில் இரண்டு ரொட்டி உள்ளே போனபிறகுதான் முசல்லாவை விட்டுவிட்டு வந்தது ஹாஜிக்கு ஞாபகம் வந்தது. எழுந்து தனியாகத் திரும்பி நடந்தார். வழியில் பெரிய கல் வளைவின் நிழலில் யாரோ தொழுதுகொண்டிருந்தார்கள். பழுப்பு கோட் தரையில் விரிந்திருந்தது. தய்யிப். வாயை நன்றாகக் கொப்பளித்திருக்கிறான், தாடி ஈரமாக மின்னியது. நிதானமாக, அவசரமில்லாமல் தொழுதான். ஹாஜி அவன் குதிகாலைப் பார்த்தார். அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியவில்லை. சற்றுக் கூச்சமாக இருந்தது. ஆனால் பஸ் ஏறும்போது அவனிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டு நடந்தார்.

முற்றத்தில் காலேஜ் பிள்ளைகள் கூட்டம். அவர்களுடைய கைடு ஓர் இளம்பெண், சத்தமாக விளக்கிக்கொண்டிருந்தாள். ஆசனங்கள் எதற்கு, இடையில் அந்த மீன் எதற்கு, ஆசனத்துக்கு அடியில் ஓடிய பெரிய சாக்கடை எங்கே போயிற்று, காலடியில் ஓடிய சின்னக் கால்வாயில் எதை நனைத்து எதைக் கழுவினார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். ஊர்ப் பொதுக் கக்கூஸ். பெண் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு பையன் ஹாஜி ஒளு செய்த அதே ஆசனத்தில் உட்கார்ந்து, முக்குவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டான். நட்ட நடுவில் பச்சை முசல்லா விரித்தபடி கிடந்தது.

ஹாஜி சுவர் ஓரத்திலேயே நின்றுவிட்டார். தலையிலிருந்து உள்ளங்கால்வரை எரிந்தது.

இளம்பெண் அவரைப் பார்த்துவிட்டாள். "பெரியப்பா, இது உங்களோடதா?" என்று முசல்லாவைக் காட்டிக் கேட்டாள். முப்பது ஜோடிக் கண்கள் திரும்பின.

"இல்ல," என்றார் ஹாஜி.

மக்காவில் கூட்டத்தில் இடிபட்டு, விலை பேசி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த முசல்லா. அதை இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். தய்யிப் ஏன் குனிந்து மெதுவாகப் பேசினான் என்பதும், பெரிய மனிதர்கள் பேசிய இடம் என்று ஏன் சொன்னான் என்பதும் நடக்க நடக்க ஒவ்வொன்றாக விளங்கியது. பொய்கூடச் சொல்லவில்லை அவன். ரோமாக்காரர்கள் அங்கே உட்கார்ந்து பேசத்தான் செய்தார்களாம், இளம்பெண்ணும் அதைச் சொன்னாள். இத்தனை பேர் நடுவில் தன் மானத்தை வாங்கியவனின் மானத்தை அவன் மூடி வைத்திருக்கிறான்.

பஸ் கிளம்பும் நேரத்தில் தய்யிப் முசல்லாவைச் சுருட்டிக் கையில் எடுத்து வந்தான். ஹாஜியிடம் தரவில்லை. ஹத்தாவிடம் நீட்டினான்.

"அக்கா, இது பஸ் பக்கத்துல விழுந்து கிடந்துச்சு."

ஹாஜி பக்கம் அவன் திரும்பவே இல்லை. ஹத்தா அவனுக்கு நன்றி சொல்லி, குழந்தைகளுக்கு என்று மிச்ச ரொட்டியைக் கட்டிக் கொடுத்தாள். பஸ் நகர்ந்ததும் நூரி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"தம்பி, ரோமாக்காரனெல்லாம் கல்லாப் போயிட்டான். நீயும் கல்லாப் போறதுக்குள்ள ஒரு வேளையாவது தொழுதுடு, என்ன?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. வாசலில் டிக்கெட் கிழிப்பவரும், பொம்மை விற்பவரும், அவனோடு தினமும் வேலை செய்கிறவர்களும் நின்றிருந்தார்கள். வழியனுப்பத் தூக்கிய தய்யிப்பின் கை அப்படியே நின்றது. முதல் சீட்டில் இருந்த ஹாஜிக்கு அது நன்றாகத் தெரிந்தது. அவன் தொழுதான், நான் பார்த்தேன் என்று ஒரு வரி சொன்னால் போதும். எங்கே பார்த்தீர்கள், அங்கே எதற்குப் போனீர்கள் என்று கேட்பார்களே. கண்ணை மூடித் தூங்குவதுபோல் இருந்தார்.

வீட்டில் முதல் வேலையாக அந்தத் தொழுகையைத் திரும்பத் தொழுதார். அவருடையது சரி, அவர் பின்னால் நின்றவர்களுடையது? முசல்லாவை அலசினார், மறுபடி அலசினார். மக்காவில் வாங்கியதைப் போட்டு இப்படிக் கும்முகிறீர்களே, சாயம் போகிறதே என்று ஹத்தா பதறினாள். பள்ளிவாசலில் வரிசை சரிசெய்வதை விட்டுவிட்டார். அடுத்தவன் குதிகாலைத் தொடப் போனால் அந்த வளைவடியில் பார்த்த குதிகால் கண்முன் வந்தது. ஹாஜிக்கு உடம்பு சரியில்லையா என்று ஊரே விசாரித்தது. சரியில்லாதது உடம்பு இல்லை. தன்னைப் பற்றி இத்தனை வருஷம் வைத்திருந்த மதிப்பு கெட்டுப்போனதுதான், அதை யாரிடம் காட்டுவது?

வெள்ளிக்கிழமை முடிவுக்கு வந்துவிட்டார். சொல்ல வேண்டியவை இரண்டு. அது என்ன இடம் என்பது ஒன்று. தய்யிப் தடுத்தான், தய்யிப் தொழுதான் என்பது இன்னொன்று. பள்ளிவாசலுக்குப் போகும் வழியெல்லாம் இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். தொழுகை முடிந்ததும் பஸ்ஸில் வந்தவர்களை இருக்கச் சொல்லி, இமாமையும் வைத்துக்கொண்டு முதலாவதைச் சொன்னார். சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

நூரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை. எல்லோரும் சிரித்தார்கள். ஹாஜி பயந்த சிரிப்பு இல்லை அது, அன்பாக இருந்தது. இமாமும் தாடிக்குள் சிரித்துக்கொண்டு, ஆயிரம் வருஷத்துக்கு மேல் வெயிலும் மழையும் கழுவிய கல், அது சுத்தம்தான், தொழுகை செல்லும், யாரும் திரும்பத் தொழ வேண்டாம் என்றார். இந்தக் காலத்தில் யார் இப்படித் தன் தப்பைத் தானே சொல்வார்கள் என்று ஒருவர் வியந்தார். நூரி எழுந்துவந்து ஹாஜியின் தலையில் முத்தமிட்டார். தக்காளி விற்பவன் கையைப் பிடித்துக்கொண்டான். ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கி, ஹாஜி மூச்சை இழுத்து விட்டார்.

அப்போதுதான் பின்னாலிருந்து யாரோ, அந்தக் கைடுக்கு அது என்ன இடம் என்று தெரிந்திருக்குமே என்றார்கள்.

சிரிப்பு நின்றது. நூரியின் முகம் மாறியது. தெரிந்துகொண்டே நின்று வேடிக்கை பார்த்தானா, பெரிய மனிதர்கள் பேசிய இடம் என்று நம்மைக் கேலி செய்தானா, ஹாஜி சொன்னதற்குப் பழி வாங்கினானா என்று ஆளுக்கு ஆள் கொதித்தார்கள். இவனைச் சும்மா விடக்கூடாது, அனுப்பிய ஆபீஸுக்குச் சொல்லி இனி ஒரு பஸ் பக்கம் வராதபடி செய்ய வேண்டும் என்றார்கள். நூரி ஹாஜியின் தோளில் கை வைத்தார்.

"ஹாஜி, நீங்க சொன்னா சரியா இருக்கும். அன்னிக்கு குனிஞ்சு உங்க காதுல ஏதோ சொன்னானே, அந்த இடத்துல தொழாதீங்கன்னா சொன்னான்?"

இரண்டாவதைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். ஹாஜிக்கு அது தெரிந்தது. நூரியின் கை தோளில் கனமாக, இதமாக இருந்தது. தலையில் முத்தம் பட்ட இடம் இன்னும் ஈரமாக இருந்தது. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதுவும் அத்தனை பிரியமாக.

"இல்ல," என்றார் ஹாஜி.

நூரி போனை எடுத்தார். ஆபீஸ் நம்பரைத் தேடிக்கொண்டே, அந்த ஆள் பேர் என்ன என்று கேட்டார். ஹாஜி அதையும் சொன்னார்.