ஈசூனில் ஒரு நெயில் பாலிஷ் மீன்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, சிங்கப்பூர் ஈசூனில் தங்கை தேவியின் ஒன்பதாவது மாடி வீட்டில் பெட்டியை இறக்கினேன். அவள் கணவர் குமரன் சோபாவில் சாய்ந்தபடியே, "வாங்கக்கா" என்றார். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், ஓயாமல் ஊர் சுற்றிய மனிதர். ஆறு மாதத்துக்கு முன் இதய அறுவை சிகிச்சை நடந்தது. தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார். இவரோ லிஃப்ட் வரைகூடப் போவதில்லை. நடந்தால் நெஞ்சு மறுபடி பிடித்துக்கொள்ளும் என்று பயம்.

"கெஞ்சிப் பாத்துட்டேன், திட்டிப் பாத்துட்டேன், அசையமாட்டேங்கிறாருக்கா" என்று சமையலறையில் தேவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு ஞாயிறு மதியம் விமானம். அதற்குள் இவரைக் கீழே இறக்கி நடக்கவைத்தே தீருவது என்று அங்கேயே முடிவுகட்டினேன்.

சாயங்காலம் செருப்பு அலமாரிக்கு மேல் ஒரு அட்டைப்பெட்டி கண்ணில் பட்டது. உள்ளே விரல் நீளத்தில் ஐந்து மரமீன்கள். உடம்புக்கு வருவதற்கு முன் குமரன் செதுக்கியவையாம். இங்கே நீர்த்தேக்கங்களில் உயிருள்ள இரை போட்டு மீன் பிடிக்கக்கூடாது, தூண்டிலில் இப்படிப் பொய்மீன்தான் கட்ட வேண்டும். கடையில் ஒன்று இருபது, இருபத்தைந்து வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். பாசியில் சிக்கினால் அதோடு போச்சு.

"இதுக்கு ஏன் வர்ணமே அடிக்கல, மாப்பிள்ளை?"

"வர்ணம் பீச்ச ஏர்பிரஷ் வேணும்க்கா. கம்ப்ரசரோட சேத்தா இருநூறு வெள்ளிக்கு மேல. விடுங்க லா" என்றார், சிங்கப்பூர்க்காரர்களுக்கே உரிய 'லா'வோடு.

"இருநூறா! இருபதுக்குள்ள நான் முடிச்சுக் காட்டறேன்" என்றேன். திருச்சியில் தையல் கடை வைத்திருப்பவள் நான். மீனுக்கு வர்ணம் அடித்த அனுபவம் கிடையாது. அதற்காகப் பேசாமல் இருந்துவிட முடியுமா?

புதன் காலை பத்து மணிக்கு எம்ஆர்டி ரயில் ஏறி, நியூட்டனில் மாறி, லிட்டில் இந்தியா போனேன். முக்கால் மணி நேரப் பயணம். அலங்காரப் பொருள் கடையில் நெயில் பாலிஷ் ஒன்று இரண்டு வெள்ளி.

"எந்தப் புடவைக்கு மேட்ச் பண்றீங்க, மேடம்?" என்றார் கடைக்காரர்.

"புடவைக்கு இல்லைங்க, மீனுக்கு."

அவர் சிரிக்கவே இல்லை. "மீன் என்ன கலர்?" என்று கேட்டுவிட்டுப் பச்சையும் தங்கநிறமும் எடுத்து வைத்தார். நிறமில்லாத பளபளப்பு ஒன்றும் வாங்கிக்கொண்டேன். பக்கத்தில் வெள்ளை அக்ரிலிக் பெயிண்ட், உப்புத்தாள், பஞ்சு, மார்க்கர் பேனா. தேக்கா சந்தையில் கால் கிலோ இஞ்சி வாங்கி, சின்ன வெங்காயம் வரும் வலைப்பையில் ஒன்றைக் கேட்டேன். "பை மட்டுமா?" என்று காய்கறிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சும்மாவே கொடுத்தார். எல்லாம் சேர்த்துப் பதினாறு வெள்ளி.

மதியம் சாப்பாட்டு மேசையில் தாளை விரித்தேன். மரத்தை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை அடித்தேன். காய்ந்ததும் வலையை இறுக்கிச் சுற்றி, பஞ்சால் பச்சையை ஒற்றி, வலையை உரித்தெடுத்தால், அடடா, அச்சு அசல் செதில்! எனக்குத் தலைகால் புரியவில்லை. மார்க்கரால் கண் வரைந்து மேலே பளபளப்பைப் பூசினேன். கண் கரைந்து வழிந்தது. அழுது மை கலைந்த கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிட்டது மீன்.

சோபாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த குமரனுக்குப் பொறுக்கவில்லை. "ஐயோ அக்கா, அப்படி இல்ல லா!" என்று எழுந்து வந்துவிட்டார். மார்க்கர் மேல் பாலிஷ் பட்டால் கரையுமாம். குண்டூசித் தலையைக் கறுப்பு நெயில் பாலிஷில் தொட்டு அவர் வைத்த கண் கச்சிதமாக நின்றது. கறுப்பு பாலிஷ் தேவியுடையது. மீனின் மூக்கிலிருக்கும் ஓட்டை பாலிஷில் அடைத்துப்போனால் நூல் எங்கே கட்டுவது என்று என்னைக் கடிந்துகொண்டு, ஊசியால் குத்தித் திறந்தார். காயவைக்க, துணி உலர்த்தும் கம்பில் கட்டி ஜன்னலுக்கு வெளியே நீட்டப் போனேன். "மாடியிலேந்து எது கீழ விழுந்தாலும் இங்க போலீஸ் கேஸ் ஆயிடும்!" என்று தேவி கத்தினாள். ஹாலில் துணி மாட்டும் ஹேங்கரில் தொங்கவிட்டோம். வியாழனும் வெள்ளியும் மீனுக்கு மேல்பூச்சு பூசிக்கொண்டிருந்த அவரை மேசையைவிட்டு எழுப்ப முடியவில்லை. எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் அவர் இன்னும் வீட்டுக்குள்தான் இருந்தார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, மீன் தண்ணீரில் நீந்துகிறதா பார்க்கலாம் என்று, தூண்டிலோடு அவரை ஒருவழியாகக் கிளப்பினேன். கீழே தூண்களுக்கு நடுவே இருக்கும் கல் மேசை வரை வந்து, நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"வலிக்குதா?"

"வலி இல்லக்கா. வேணாமே, மேல போயிடலாம்."

சமாதானம் சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். "சரி, நீங்க போங்க. தூண்டிலைக் குடுங்க. நானே போய் வீசறேன்."

"உங்களுக்கு வீசத் தெரியாதே!"

"தெரியாதுதான். பாசியில மாட்டினா அத்து விட்டுட்டு வர்றேன்."

மூன்று நாள் உழைத்த மீன் ஆயிற்றே! திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பேருந்தில் சில நிறுத்தங்கள், பிறகு பத்து நிமிடம் நடை, லோவர் செலத்தார் நீர்த்தேக்கம். மீன் பிடிக்கலாம் என்ற பலகை பார்த்து நின்றோம். குமரன் வீசினார். எங்கள் பச்சைமீன் இடுப்பை ஆட்டியபடி நீந்தி வந்தது. அதன் பின்னாலேயே பெரிய நிழல் ஒன்று கரை வரை துரத்தி வந்து, கடைசி நொடியில் திரும்பிவிட்டது.

"பீகாக் பாஸ் மீனு! அக்கா, பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று மனிதர் குதித்தார். நெஞ்சின் ஞாபகமே இல்லை. வீடு திரும்பும் வரை அதே பேச்சு.

ஞாயிறு காலை பத்து மணி, சாங்கி விமான நிலையம். எங்கள் ஊரில் ஊருக்குப் போகிறவரை வழியனுப்ப மாப்பிள்ளை வராவிட்டால் அது வருஷக்கணக்கில் பேச்சாகும். விடியும் முன்பே தூண்டிலோடு தனியாகக் கிளம்பிய குமரன், ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்றவர், வரவே இல்லை. தேவி போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அக்கா, சாரி லா. அது மறுபடியும் பின்னாடி வந்துச்சு. இன்னும் ஒரே ஒரு தடவை..." என்று மூச்சை அடக்கிக் கிசுகிசுத்துவிட்டு வைத்துவிட்டார்.

தேவி என்னைப் பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன அவளுக்கு. "ஆறு மாசமா வெளிய போங்கன்னு கெஞ்சினேன். இப்ப வீட்டுக்கு வாங்கன்னு கெஞ்ச வச்சுட்டியேக்கா!"