அவர்கள் சொன்ன இடத்தில் அவர்கள் இல்லை

1. பதினாறாம் சேனல்

மாலை மூன்று நாற்பதுக்கு அந்தக் குரல் வந்தது.

இராயபுரத்தில் ஒரு தனியார் டக் கம்பெனியின் நான்காவது மாடியில் என் ரேடியோ அறை இருந்தது. டக் என்பது பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வரும் சின்ன, பலமான கப்பல். எங்களிடம் மூன்று இருந்தன. அவற்றோடு பேசுவதும், ஆபத்து அழைப்புகள் வரும் பதினாறாம் சேனலைக் கேட்டுக்கொண்டிருப்பதும் என் வேலை. இது இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்களில் நடந்தது. அப்போது எனக்குப் பதினேழு வருட சர்வீஸ்.

பேசியவர் படித்த இங்கிலீஷில் பேசினார், ஆனால் குரல் நடுங்கியது. கம்பிக் கயிற்றில் கட்டி இறக்கிய குட்டி நீர்மூழ்கிக்குள் அவருடைய நண்பர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அந்த வயர் ரோப் மேலே இருந்த டிராலர் என்ற மீன்பிடி விசைப்படகின் புரொப்பல்லரில் சுற்றிக்கொண்டு இன்ஜின் நின்றுவிட்டது. நீர்மூழ்கி கீழே தொங்குகிறது, படகின் பின்பக்கம் தண்ணீர் ஏறுகிறது என்றார். எந்த இடம் என்று கேட்டேன். சொன்னார். மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டேன். மூன்று பேர் என்றார். பிறகு ஒரு இரைச்சல், அதோடு லைன் போய்விட்டது.

சொன்ன இடத்தைச் சார்ட்டில் குறித்துப் பார்த்தேன். தென்கிழக்கே அறுபத்தைந்து மைல். அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம்.

எங்கள் ரேடியோ அலை ஏறக்குறைய கண் பார்வை மாதிரி நேராகப் போகும். மொட்டை மாடி ஆன்டெனாவுக்கு ஒரு டிராலரின் குரல் முப்பது மைலுக்குள் கேட்கும், அதற்கு மேல் கரகரக்கும், பிறகு ஒன்றும் கேட்காது. சில வெயில் நாட்களில் தூரக் குரலும் வந்து விழும், உண்மைதான். ஆனால் இந்தக் குரல் பக்கத்துக் காசிமேட்டிலிருந்து பேசுவது போலத் தெளிவாக இருந்தது. இன்னொன்றையும் கவனித்தேன். அந்த ஆள் எல்லாவற்றையும் திக்கித் திக்கிச் சொன்னார். இடத்தின் எண்களை மட்டும் காகிதத்தைப் பார்த்து ஒப்பிப்பது போல ஒரே மூச்சில் சொன்னார்.

கேட்டதைக் கேட்டபடி எழுதி, தேடல் பொறுப்பில் இருந்தவர்களுக்கு அனுப்பினேன். என் சந்தேகத்தை எழுதவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

2. ஏன் சொல்லவில்லை

அவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய வாரம்தான் பேப்பரில் படம் வந்திருந்தது. ஒரு பெரிய தொழிற்சாலைக்காரரின் மகனும் அவருடைய இரண்டு நண்பர்களும் மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு நீர்மூழ்கியின் மேல் கால் வைத்து நின்றார்கள். ஆழ்கடலில் எப்போதோ மூழ்கிப்போன ஒரு கப்பலைத் தேடிப் போகிறார்களாம். அதே ஆழத்துக்கு முன்பு போன இரண்டு பேர் திரும்பவில்லை என்று நிருபர் கேட்டதற்கு, பயம் இருப்பவர்கள் கரையிலேயே இருக்கட்டும் என்று அந்த மகன் பதில் சொல்லியிருந்தார்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு எண்ணூர்ப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து ஃபைபர் படகில் போன மூன்று மீனவர்கள் காணாமல் போனார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் எங்கள் ஆபீஸ் வாசலுக்கு வந்து, ரேடியோவில் ஏதாவது குரல் கேட்டதா என்று என்னைக் கேட்டார்கள். அந்தப் படகில் ரேடியோவே கிடையாது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், கேட்டால் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். இரண்டு நாளில் தேடல் ஓய்ந்தது. அவர்கள் கிடைக்கவே இல்லை.

இந்த இரண்டும் சேர்ந்து என் மனதில் உட்கார்ந்திருந்தன. இடத்தைப் பற்றிப் பொய் சொல்கிறார்கள் என்பது எனக்கு ஏறக்குறைய உறுதியாகவே தெரிந்தது. எதற்காக என்றும் ஊகித்திருந்தேன். தேடிப்போன கப்பல் கிடக்கும் இடம் வேறு யாருக்கும் தெரியக்கூடாது, அவ்வளவுதான். உயிர் போகிற நேரத்திலும் ரகசியம் காப்பவர்களுக்கு நான் ஏன் மெனக்கெட வேண்டும் என்று நினைத்தேன். சொன்ன இடத்திலேயே தேடட்டும் என்று விட்டுவிட்டு, ஷிப்ட் முடிந்ததும் தண்டையார்பேட்டைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன்.

3. மறுநாள் காலை

காலையில் ஊரே இதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. ஒரு கப்பலும் ஒரு விமானமும் தென்கிழக்கே அறுபத்தைந்து மைலில் தேடுகின்றன என்று டிவியில் சொன்னார்கள். நீர்மூழ்கிக்குள் இரண்டு நாளுக்குத்தான் காற்று இருக்கும் என்று மணிக்கு ஒரு தரம் சொன்னார்கள். எதிரெதிரே இரண்டு பேரை உட்காரவைத்து விவாதம் நடந்தது. தானாகப் போய் ஆபத்தில் விழுந்தவர்களுக்கு அரசாங்கம் ஏன் செலவு செய்ய வேண்டும் என்று ஒருவர் கேட்டார். குடித்துவிட்டு வண்டி ஓட்டி அடிபட்டவனுக்கு ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்ப்பதில்லையா என்று மற்றவர் திருப்பிக் கேட்டார். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அந்த எண்ணூர்க் குப்பத்து ஆட்கள் காணாமல் போன மீனவர் மூவரின் படத்தை வைத்துக்கொண்டு மறியலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆபீஸுக்குக் கீழே டீக்கடையில் எங்கள் டக்கின் பழைய ஆயில்மேன் ஒருவர் சொன்னது இன்றைக்கும் நினைவில் இருக்கிறது.

"மீன் புடிக்கப் போனவனத் தேட ரெண்டே நாளு. பொழுது போவாம முங்குனவனத் தேட ஏரோப்ளேன் சுத்திகினு கீது. இன்னா நாயம் பாய் இது?"

நானும் நியாயம் இல்லை என்றுதான் சொன்னேன். இத்தனை பேச்சிலும் எல்லாரும் மூன்று பேர், மூன்று பேர் என்றே சொன்னார்கள். மூன்று பேர் மட்டும் ஒரு டிராலரை எப்படி ஓட்டிக்கொண்டு போவார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பதினேழு வருடம் கடல்காரர்களோடு பழகிய எனக்கும் தோன்றவில்லை.

4. ஜெயந்தி

பதினோரு மணிக்கு வாட்ச்மேன் போன் செய்து, ஒரு பொம்பளை வந்து கலாட்டா செய்வதாகச் சொன்னார். மறியலிலிருந்து வந்தவராக இருக்கும் என்று நினைத்து இறங்கிப் போனேன்.

அவர் பெயர் ஜெயந்தி. காசிமேட்டுக்காரர். நாற்பது வயதிருக்கும். அந்த டிராலரின் டிரைவர் சேகர் என்பவர் அவருடைய கணவர். படகில் சேகரோடு இன்னும் நான்கு வேலையாட்கள் இருக்கிறார்கள், அதில் ஒருவன் எர்ணாவூர் குமரேசன் என்று சொன்னார். படகை அந்தப் பணக்காரர்கள் ஆட்களோடு சேர்த்துத்தான் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஆகக் கடலில் இருந்தவர்கள் எட்டுப் பேர். ரேடியோவில் பேசியவர் தன்னோடு வந்தவர்களை மட்டும் எண்ணியிருக்கிறார்.

"டிவில எங்கயோ அறுபது மைலுன்றான். எம் புருசன் அங்க போவல பாய்," என்றார் ஜெயந்தி.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ரெண்டு வேள சோறுதான் கட்டிக் குடுத்தேன். அறுபது மைலு போறவன் அரிசி, ஸ்டவ்வு எட்த்துகினு போவானா, மாட்டானா? சாயங்காலம் வந்துருவேன்னு சொல்லிட்டுப் போச்சு."

டிராலர் வேகத்துக்கு அறுபத்தைந்து மைல் போகவே ஒன்பது, பத்து மணி நேரம் பிடிக்கும். சாயங்காலம் திரும்புவதாகச் சொன்னால் இருபது, இருபத்தைந்து மைலுக்கு மேல் இருக்க முடியாது. முந்தைய நாள் என் காது சொன்னதும் அதைத்தான்.

அவரை அழைத்துக்கொண்டு நேராக எங்கள் ஆப்பரேஷன்ஸ் மேனேஜர் பத்மநாபன் சார் அறைக்குப் போனேன். எங்கள் டக் ஒன்றைத் தேடலுக்கு அனுப்பும் விஷயமாக அந்தத் தொழிற்சாலைக்காரரின் ஆபீஸ் மேனேஜர் அங்கே வந்து உட்கார்ந்திருந்தார். குரல் தெளிவாக இருந்ததையும், சோற்று விஷயத்தையும் நான் சொன்னேன். பத்மநாபன் சார் அந்த மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். உண்மையான இடம் எது என்று கேட்டார். ரேடியோவில் சொன்னதுதான் என்றார் அவர். சொல்லும்போது எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வேறு இடம் இருக்கிறதா, இல்லையா என்று சார் மறுபடியும் கேட்டதற்கு, முதலாளி வீட்டைக் கேட்காமல் தன்னால் எதுவும் பேச முடியாது என்றார். பிறகு ஜெயந்தியை வெளியே இருக்கச் சொன்னார்.

ஜெயந்தி நகரவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"போறேன் சார். எம் புருசன் எங்க கீறார்னு உனுக்குத் தெரியும். அத்தச் சொல்லு, போய்டறேன்."

அந்த மேனேஜர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மேஜைமேல் கிடந்த பேப்பரின் ஓரத்தில் இரண்டு எண்களை எழுதினார். வடகிழக்கே இருபத்திரண்டு மைல். முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

5. டக் போனது

தேடல் பொறுப்பில் இருந்தவர்களுக்குச் செய்தி போனது. எல்லாரையும்விட அருகில் எங்கள் டக்தான் இருந்தது. பதினொன்று நாற்பதுக்குக் கிளம்பியது. ஒரு இரவு முழுக்க நீரோட்டம் வடக்கே இழுத்திருக்கும் என்று கணக்குப் போட்டு, டக் மாஸ்டர் பழவேற்காட்டுக்கு நேர் வெளியே போனார். இரண்டரை மணிக்கு அவர் குரல் வந்தது. டிராலர் பாதி மூழ்கி மிதக்கிறது, மஞ்சள் நீர்மூழ்கியும் தண்ணீருக்கு மேலே கிடக்கிறது, உள்ளே இருந்த இருவரும் உயிரோடு இருக்கிறார்கள் என்றார். மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டேன்.

"ஏழு," என்றார்.

எட்டு இருக்க வேண்டும், மறுபடியும் எண்ணிப் பாருங்கள் என்றேன். எண்ணிப் பார்த்தாகிவிட்டது என்றார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

இரவெல்லாம் அவர்கள் வாளியால் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள். பொழுது விடிந்தும் யாரும் வரவில்லை. இனி யாரும் வரப்போவதில்லை என்று கயிற்றை இறக்கி ஏற்றும் வின்ச் ஓட்டிய குமரேசன் முடிவு செய்திருக்கிறான். தப்பான இடத்தைச் சொன்னது அவனுக்கும் அதற்குள் தெரிந்துவிட்டது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடோடு தண்ணீரில் இறங்கி, மூச்சை அடக்கி அடக்கி புரொப்பல்லரில் சுற்றிய வயர் ரோப்பை அறுத்திருக்கிறான். ஏழெட்டு முறை மேலே வந்து மூச்சு வாங்கினானாம். ஒன்பது மணி வாக்கில் ரோப் அறுந்தது. பாரம் விட்டதும் அறுந்த முனை சாட்டை போல அவனை அடித்துவிட்டது. இடுப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்தபோது உடல்தான் வந்தது. ரோப்பிலிருந்து விடுபட்ட நீர்மூழ்கி தன் எடைக் கட்டிகளைக் கழற்றிவிட்டுத் தானாக மேலே வந்தது. அதற்குள் இருந்த இரண்டு பேரைக் காப்பாற்றியது கப்பலும் இல்லை, விமானமும் இல்லை, எங்கள் டக்கும் இல்லை.

ஜெயந்தி கீழே வாசலில் உட்கார்ந்திருந்தார். சேகர் பத்திரமாக இருக்கிறார் என்று சொன்னேன். மற்றவர்கள் எப்படி என்று கேட்டார். குமரேசனைப் பற்றிச் சொன்னதும் எழுந்தார். அவன் பெண்டாட்டி அந்தக் குப்பத்துப் பெண், மறியலில் தன் ஊர் ஆட்களோடு உட்கார்ந்திருக்கிறாள், டிவிக்காரன் சொல்லி அவள் தெரிந்துகொள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போனார்.

6. விசாரணை

மறுநாள் பேப்பரில் அந்தப் பணக்காரர்கள் மூவரின் படம்தான் பெரிதாக வந்தது. குமரேசன் பெயர் உள்பக்கத்தில், ஒரு எழுத்துப் பிழையோடு வந்தது. நீரோட்டத்தால் இடம் மாறிவிட்டது என்று முதலாளியின் மகன் பேட்டி கொடுத்தார். கரை சேர்ந்த பிறகும் பொய்தான். விசாரணையில் அது உடைந்தது. ரேடியோவில் யார் கேட்டாலும் இந்த எண்களைத்தான் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே டைப் செய்த காகிதம் டிராலரில் கிடைத்தது. பயத்தில் அந்த நண்பர் அதையே படித்திருக்கிறார்.

என்னையும் கூப்பிட்டார்கள். நான் எழுதியதையெல்லாம் விசாரணை அதிகாரி பொறுமையாகப் படித்தார். இடம் சந்தேகமாக இருந்தது என்று எப்போது தோன்றியது என்று கேட்டார். மூன்று நாற்பதுக்கே என்றேன். எப்போது சொன்னீர்கள் என்றார். மறுநாள் பதினொன்றே காலுக்கு என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நடுவுல இருக்கற இந்த நேரம் முழுக்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

ரேடியோ அலை சில நாள் தூரத்துக் குரலையும் இழுத்து வரும், அதனால் உறுதியாகத் தெரியவில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அதில் பாதி உண்மையும் இருக்கிறது. அந்த அறையில் இருந்த யாருக்கும் என் மேல் சந்தேகம் வந்திருக்காது.

"பொய் சொல்றாங்கன்னு தெரிஞ்சுது சார். அனுபவிக்கட்டும்னு இருந்துட்டேன்," என்றேன்.

அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. தகவல் உறுதி செய்யப்படவில்லை என்று எழுதி, கையெழுத்துக் கேட்டார். போட்டேன்.

ரேடியோ வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். சந்தேகப்படுங்கள், அது நம் வேலையில் பாதி. மீதிப் பாதி, அதை அந்த நிமிடமே வாய்விட்டுச் சொல்வது. யாரைக் காப்பாற்றலாம், யாரை விடலாம் என்று டிவியில் பேசுவார்கள், டீக்கடையில் பேசுவார்கள், பேசட்டும். மைக் முன்னால் உட்கார்ந்தவனுக்கு அந்த உரிமை இல்லை. நான் அதை எடுத்துக்கொண்டேன். மூன்று நாற்பதுக்கே சொல்லியிருந்தால், உண்மையான இடத்தை அந்த ஆபீஸ் மேனேஜரிடம் அப்போதே கேட்டு வாங்கியிருப்பார்கள், அன்று மாலையே டக் போய்ச் சேர்ந்திருக்கும். குமரேசனுக்கு அப்போது முப்பத்தொரு வயது.