பதினைந்து பேர் முடித்த ஆட்டம்

பல்கலைக்கழக ரக்பி கழகத்தின் வரலாற்றை விழா மலருக்கு எழுதித் தருமாறு கேட்டிருந்தார்கள். எழுதியிருக்க வேண்டியவன் கழகத்தைத் தொடங்கியவன். அவன் சென்ற மாதம் பண்ணைக்காட்டில் இறந்துவிட்டான். எஞ்சிய நண்பனான பழனிக்காரன், "எழுதுறதெல்லாம் ஒஞ் சோலி, என்னய விடு" என்று ஒதுங்கிக்கொண்டான். வேலை என்னிடம் வந்து சேர்ந்தது.

தொடங்கியவன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவரின் மகன். ஐம்பதுகளின் நடுவில் அவன் இங்கே படிக்க வந்தபோது, பெட்டியில் துணிகளுக்கிடையே நீள்வட்டமாக ஒரு தோல் பந்து இருந்தது. அதைக் கையால் முன்னே எறியக் கூடாது, பின்னால் வருபவனுக்கே கொடுக்க வேண்டும் என்று அவன் விளக்கியதை விடுதியில் பலரும் வேடிக்கையாகவே கேட்டார்கள். நானும் பழனிக்காரனும் மட்டும் மறுநாளும் மைதானத்துக்குப் போனோம். நான் அய்யம்பாளையத்து விவசாயக் குடும்பம். பழனிக்காரன் அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தவரின் மகன், மூட்டை தூக்கி வளர்ந்த உடம்பு.

நின்றுபோன ஆட்டம் மறுபடி தொடங்கும்போது இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் தோள்கோத்துக் குனிந்து முட்டித் தள்ளுவார்கள். அதற்கு ஸ்க்ரம் என்று பெயர். முன்வரிசையில் மூவர். நடுவில் நிற்பவன் இருபுறத்துத் தோள்களிலும் கைகளைப் போட்டுத் தொங்கியபடி, உருண்டு வரும் பந்தைக் காலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். அவன் நடுவில்; நாங்கள் இருவரும் இரு பக்கம். குனிவதற்கு முன் "புடிச்சாச்சா?" என்பான். "ஆச்சு" என்று இருவரும் சொன்ன பிறகே தன் எடையை எங்கள்மேல் விடுவான்.

எங்களோடு ஆட அந்த வட்டாரத்தில் ஒரே ஓர் அணிதான் இருந்தது. கொடைக்கானலில் வெள்ளைக்காரத் தோட்ட மேலாளர்களும் மிஷன் பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து வைத்திருந்த அணி. ஆண்டுக்கு ஒருமுறை, மே மாதத்தில், பேருந்தில் மலையேறுவோம். முதல் இரண்டு ஆண்டுகளும் ஆள் குறைவாகவே போனோம். போனவர்களிலும் சிலர் மலைப்பாதை வளைவுகளில் வாந்தியெடுத்துப் படுத்துவிட்டார்கள். மூன்றாம் ஆண்டு மலை அணியின் செயலாளர் மரியாதையாகவே சொல்லி அனுப்பினார்: பதினைந்து பேர் இறங்கி, பதினைந்து பேரும் ஆட்டத்தை முடிக்க முடியாதென்றால் இனி வர வேண்டாம். அந்த ஒரு போட்டி போனால் கழகம் இல்லை.

அவன் பதினைந்து பேரைத் திரட்டினான். ஹாக்கியில் கழித்துவிடப்பட்டவர்கள் சிலர். கண்ணாடியைக் கழற்றினால் பந்தே தெரியாத ஒருவன். மலையேறும் முன் வத்தலக்குண்டில் யாரையும் அவன் சாப்பிட விடவில்லை.

"மேல போய்த் தின்னலாம் மச்சான்."

"மேல போய்ச் சேந்தா பாப்போம்லே," என்றான் பழனிக்காரன்.

ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே ஒரு மேலாளர் அவனைப் பிடித்துச் சாய்த்தார். எழுந்தபோது வலது கை தொங்கியது. காறை எலும்பு முறிந்திருந்தது. மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடு அந்நாளில் இந்த ஆட்டத்தில் கிடையாது. நடுவர் அவனை வெளியே போகும்படி கைகாட்டினார்.

"ஏலே, வெரசா போய் ஒக்காரு. கை செத்துக் கெடக்கு," என்றான் பழனிக்காரன்.

"பேசாம இரு மச்சான். பதினஞ்சு பேரா வந்தோம்."

"கைய எங்கலே போடுவ?"

"எங்கயும் போடல்ல. நீ என்னப் புடி."

பழனிக்காரன் அவன் இடுப்பைச் சுற்றிக் கையைக் கொடுத்துக் கால்சட்டை வாரை இறுகப் பற்றினான். இடப்பக்கம் நான். "புடிச்சாச்சா?" என்றான். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்வரிசை வந்து மோதியபோதெல்லாம் அவன் மூச்சு என் காதருகே நின்று நின்று வந்தது. பாதங்கள் பெரும்பாலும் தரையில் இல்லை. ஆயினும் ஒருமுறை பந்தைப் பின்னுக்கு இழுத்துவிட்டான். கண்ணாடிக்காரன் அது தன் காலடியில் கிடப்பதை அறியாமல் நின்றான்.

ஆட்டம் முடிந்தது. செயலாளர் அவனுடைய இடது கையைக் குலுக்கி, அடுத்த மே மாதம் பார்ப்போம் என்றார். அறுபதுகளில் மேலாளர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறும் வரையில், எங்களுக்குப் பின் வந்தவர்களும் மலையேறிப் போய் ஆடினார்கள். பிறகு எதிரணி இல்லை. கழகத்தை யாரும் கலைக்கவில்லை, அது நின்றுபோயிற்று.

பெற்றோர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய பின் அவன் பண்ணைக்காட்டில் கொஞ்சம் காப்பிச் செடி போட்டுக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான். இந்த ஆண்டுத் தொடக்கத்தில் அவனை மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஜீப்பில் ஏற்ற வேண்டியிருந்தது. கிழவர்கள் இருவரும் இரு பக்கம் நின்றோம்.

"புடிச்சாச்சா?"

"ஆச்சு."

"வலப்பக்கம் பாத்து மச்சான். அது ஒரு தரம் ஒடஞ்சது."

"இப்பமாச்சும் வெளிய போறியேலே," என்றான் பழனிக்காரன்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சென்ற மாதம் மறுமுறை தூக்கியபோது அவன் கேட்கவில்லை. நாங்கள் பிடித்துத்தான் இருந்தோம்.

வரலாற்றைச் சுருக்கமாகவே எழுதி அனுப்பினேன். அந்த மே மாத ஆட்டத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கி, பதினைந்து பேர் இறங்கினார்கள், பதினைந்து பேரும் முடித்தார்கள் என்று எழுதியிருந்தேன். வென்றது யார் என்று கேட்டு மலர்க் குழுவிடமிருந்து பதில் வந்திருக்கிறது.